விண்டோஸ் 10 ஆதரவு நிறைவு: கணினி வழக்கம்போல் இயங்கும்போது சிக்கல் எங்கே உள்ளது?

மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் முடிவுக்கு வந்தது. 2015 ஜூலை 29-இல் வெளியான இந்த இயங்குதளம், பத்தாண்டுகளாக வீடுகள், கடைகள், அலுவலகங்கள் எனப் பல இடங்களிலும் பயன்பாட்டில் இருந்து வருகிறது. ஆதரவு முடிந்த மறுநாளும் அக்கணினிகள் வழக்கம்போலவே இயங்கின. கோப்புகள் திறந்தன; இணையம் கிடைத்தது; அச்சுப்பொறியும் வேலை செய்தது. எதுவும் நின்றுபோகாததாலேயே இந்த அறிவிப்பைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடுவது எளிது. உண்மையில் நின்றுபோனது எது என்பதை அறிய, கணினிக்குள் இயங்குதளம் ஆற்றும் பணியைத் தெரிந்துகொள்வது அவசியம்.

இயங்குதளம் செய்யும் வேலை என்ன?

விசைப்பலகையில் 'எச்' விசையை அழுத்தும்போது கணினிக்குச் செல்வது எழுத்து அன்று. எந்த இடத்தில் உள்ள விசை அழுத்தப்பட்டது என்பதைக் குறிக்கும் ஓர் எண் மட்டுமே செல்கிறது. அந்த எண்ணை ஆங்கில எழுத்தாகக் கொள்வதா, தமிழ்99 முறைப்படி 'க' எனக் கொள்வதா என்பதை இயங்குதளமே முடிவு செய்கிறது. அடுத்து 'உ' வந்தால் இரண்டும் சேர்ந்து 'கு' என்று திரையில் தோன்றுவதற்கான வசதியையும் அதுவே அளிக்கிறது. விசைப்பலகை எந்த நிறுவனத்தின் தயாரிப்பு, திரை எவ்வளவு பெரியது என்ற விவரம் எதுவும் கடிதம் தட்டச்சு செய்யும் மென்பொருளுக்குத் தெரிய வேண்டியதில்லை.

வன்பொருளுக்கும் மென்பொருளுக்கும் இடையே நின்று செய்யும் இந்த நிர்வாகமே இயங்குதளத்தின் பணி. பாடல் ஒலிக்கும்போதே இணையப்பக்கமும் திறக்கிறது என்றால், மையச் செயலகத்தின் நேரத்தை மிகச் சிறு துணுக்குகளாகப் பிரித்து ஒவ்வொரு மென்பொருளுக்கும் அது மாறிமாறி வழங்குகிறது என்று பொருள். வன்தட்டில் உள்ளவை வெறும் பூச்சியங்களும் ஒன்றுகளுமே. அவற்றில் எங்குத் தொடங்கி எங்கு முடிவது ஒரு புகைப்படம் என்ற பதிவேட்டையும் இயங்குதளமே பராமரிக்கிறது.

இவை அனைத்திலும் முக்கியமானது அதன் காவல் பணி. ஒரு மென்பொருளுக்கு ஒதுக்கப்பட்ட நினைவகத்தை மற்றொரு மென்பொருள் எட்டிப் பார்க்க இயங்குதளம் அனுமதிப்பதில்லை. இணையத்திலிருந்து இறக்கிய விளையாட்டு ஒன்று, அருகில் திறந்திருக்கும் வங்கிப் பக்கத்தின் கடவுச்சொல்லைப் படிக்க முடியாமல் இருப்பதற்கு இந்தத் தடுப்பும் ஒரு காரணம். இயங்குதளத்திலேயே ஓட்டை இருந்தால் இந்தத் தடுப்பு பயனற்றுப் போகும். அதற்குமேல் காவல் காக்க வேறொரு மென்பொருளால் முழுமையாக இயலாது.

நின்றுபோனது எது?

பல கோடி வரிகள் கொண்ட நிரலில் குறைபாடுகள் இருப்பது இயல்பு. அவை கண்டறியப்படும்போது, மாதந்தோறும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் திருத்தங்களை வெளியிடுகிறது. விண்டோஸ் 10-க்கு வழக்கமாகவும் இலவசமாகவும் கிடைத்து வந்த இந்தத் திருத்தங்களே 2025 அக்டோபருடன் நின்றன.

இதில் பலரும் கவனிக்கத் தவறும் ஆபத்து ஒன்று உண்டு. விண்டோஸ் 11-க்கும் விண்டோஸ் 10-க்கும் நிரலின் பெரும்பகுதி பொதுவானது. எனவே விண்டோஸ் 11-க்கு ஒரு திருத்தம் வெளியானால், அதை ஆராய்ந்தே பழைய இயங்குதளத்தில் அடைபடாத ஓட்டை எங்கே இருக்கிறது என்பதைத் தாக்குதல்காரர்கள் கண்டறிய முடியும். புதிய கணினிக்கு வரும் மருந்தே பழைய கணினியின் நோயைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

இது வெறும் அச்சம் அன்று. 2017 மே 12-ஆம் தேதி பரவத் தொடங்கிய 'வான்னாகிரை' தீம்பொருள், கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் பாதிக்கப்பட்டன. பிரிட்டன் அரசு மருத்துவமனைகளில் சிகிச்சைகள் தள்ளிவைக்கப்பட்டன. ஆந்திரப் பிரதேசக் காவல்துறையின் சில கணினிகளும் சிக்கின. அந்தத் தீம்பொருள் நுழைந்த ஓட்டைக்கான திருத்தம் இரண்டு மாதங்களுக்கு முன்பே, மார்ச் மாதத்தில் வெளியாகியிருந்தது. அதை நிறுவாமல் விட்ட கணினிகளே மாட்டிக்கொண்டன. 2014-இலேயே ஆதரவு முடிந்துபோன விண்டோஸ் எக்ஸ்பி-க்கோ, தாக்குதல் தொடங்கிய பின்னரே அவசரத் திருத்தம் அனைவருக்கும் கிடைத்தது.

காலப்போக்கில் மற்ற மென்பொருள்களும் பழைய இயங்குதளத்தைக் கைவிடும். விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரியில் முடிந்தது. 2023 பிப்ரவரியில் கூகுள் குரோம் உலாவியும் அதற்குப் புதிய பதிப்புகள் வெளியிடுவதை நிறுத்திக்கொண்டது. வைரஸ் தடுப்பு மென்பொருள் இருக்கிறதே என்ற வாதம் ஓரளவே பொருந்தும். விண்டோஸ் 10-இல் உள்ள 'டிஃபென்டர்' 2028 வரை புதுப்பிக்கப்படும் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்துள்ளது. ஆனால், அது அறியப்பட்ட தீம்பொருளை அடையாளம் காணுமே தவிர, இயங்குதளத்தின் ஓட்டையை அடைக்காது.

பயனாளர்கள் என்ன செய்யலாம்?

முதலில், கணினியில் இருப்பது எந்தப் பதிப்பு என்பதை 'செட்டிங்ஸ்' பகுதியில் 'சிஸ்டம்', அதற்குள் 'அபௌட்' என்ற பக்கத்தில் பார்க்கலாம். விண்டோஸ் 10 எனில், விண்டோஸ் 11-க்கு இலவசமாக மாற முடியுமா என்பதை மைக்ரோசாஃப்டின் 'பிசி ஹெல்த் செக்' மென்பொருள் தெரிவிக்கும். இதற்கு 'டிபிஎம் 2.0' என்ற பாதுகாப்பு வசதியும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய மையச் செயலகமும் வேண்டும். 'டிபிஎம்' இல்லை என்று காட்டினால் உடனே புதிய கணினி வாங்கக் கிளம்ப வேண்டியதில்லை. பல கணினிகளில் அது அணைத்து வைக்கப்பட்டிருக்கும். பழுதுபார்ப்பவரிடம் கேட்டால் சில நிமிடங்களில் இயக்கித் தருவார்.

மாற இயலாத கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, கணினி அமைப்புகளை அதில் சேமிக்கச் சம்மதித்தால் கட்டணம் இல்லை. இல்லையெனில் 30 டாலர் அல்லது அதற்கு இணையான உள்ளூர்த் தொகை செலுத்தலாம். 'விண்டோஸ் அப்டேட்' பக்கத்திலேயே இதற்கான பதிவு வசதி உள்ளது. இது அவகாசம் மட்டுமே, தீர்வு அன்று.

லினக்ஸுக்கு மாறுவது மற்றொரு வழி. உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்றவை விலையின்றிக் கிடைக்கின்றன. கணினியில் நிறுவாமல், பென் டிரைவிலிருந்தே இயக்கிப் பார்க்கவும் முடியும். கேரளப் பள்ளிகளில் மாணவர்கள் பல ஆண்டுகளாக லினக்ஸில்தான் கணினி பயில்கின்றனர். பாதுகாப்பு அமைச்சகமும் 2023-இல் உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட 'மாயா' இயங்குதளத்தைக் கையில் எடுத்தது. இணையம், மின்னஞ்சல், கடிதம், திரைப்படம் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்பவர்களுக்கு லினக்ஸ் போதுமானது. 'டேலி' போன்ற விண்டோஸ் கணக்கு மென்பொருளை நம்பியிருக்கும் கடைக்காரர்களுக்கு அது எளிதான மாற்றாக இராது; அவை லினக்ஸில் நேரடியாக இயங்குவதில்லை.

எந்த வழியைத் தேர்ந்தாலும், முதலில் முக்கியக் கோப்புகளை வெளி வன்தட்டில் நகலெடுத்துக்கொள்ள வேண்டும். 'உங்கள் விண்டோஸ் காலாவதியாகிவிட்டது' என்று தொலைபேசியிலோ திரையிலோ தோன்றி, பணமோ கணினியின் கட்டுப்பாட்டையோ கேட்பவர்கள் மோசடிக்காரர்கள். மைக்ரோசாஃப்ட் இவ்வாறு யாரையும் தானாக அழைப்பதில்லை. பணத்தை இழந்தவர்கள் தாமதமின்றி 1930 என்ற தேசிய சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் அளிக்கலாம்.

பழைய கணினியை விற்கவோ பிறருக்குக் கொடுக்கவோ நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கோப்பை அழிக்கும்போது பெரும்பாலும் இயங்குதளத்தின் பதிவேட்டிலிருந்து அதன் பெயர்தான் நீங்குகிறது. உள்ளடக்கம் வன்தட்டில் தங்கியிருக்கக்கூடும். ஆகவே, 'ரீசெட் திஸ் பிசி' வசதியில் தரவை முழுமையாகத் துடைக்கும் தெரிவைச் செயல்படுத்திய பிறகே கணினியைக் கைமாற்ற வேண்டும்.