பல் அடைப்புப் பொருள்களின் மெருகு

சொத்தை விழுந்த பல்லைக் குடைந்து சுத்தம் செய்து, குழியில் ஒரு பொருளை நிரப்பி இறுகவைத்த பிறகு மருத்துவர் செய்யும் கடைசி வேலை மெருகேற்றுவது. அதில் இரண்டு கட்டங்கள் உண்டு. மிகையாக நிற்கும் பொருளைச் சீவிப் பல்லின் வடிவத்துக்கும் கடிக்கும் பொருத்தத்துக்கும் கொண்டுவருவது முதலாவது. அப்படிச் சீவியதால் விழுந்த கீறல்களை மேலும் மேலும் நுண்ணியதாக்கிப் பளபளப்பு வரவைப்பது இரண்டாவது. நோயாளி வாய் கொப்புளிக்கக் காத்திருக்கும் நேரத்தில் நடப்பதால் அவசரமாக முடிக்கப்படும் வேலையும் இதுதான். அடைப்பின் மேல் அழுக்குப் படலம் எவ்வளவு சேரும், காப்பி, மஞ்சள், வெற்றிலைக் கறை எவ்வளவு ஏறும், எதிரே உள்ள பல் எவ்வளவு தேயும் என்பதெல்லாம் இந்தச் சில நிமிடங்களில் பாதி தீர்மானமாகிவிடுகிறது. மீதிப் பாதி அடைப்புப் பொருளின் உள்ளமைப்பில் இருக்கிறது. பல் மருத்துவம் இதை உணர்ந்துகொள்ள ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஆயிற்று.

உலோகக் காலம்

உலோக அடைப்புகளில் வழவழப்பு பெரிய சிக்கலாக இருந்ததில்லை. 1855-இல் அமெரிக்கப் பல் மருத்துவர் ராபர்ட் ஆர்தர், சூடேற்றிய தங்கத் தகடு தன்னோடு தானே ஒட்டிக்கொள்வதைக் கண்டறிந்தார். தகட்டைத் துண்டுதுண்டாகக் குழிக்குள் தட்டி இறுக்கி, வழவழப்பான எஃகுக் கருவியால் தேய்த்தாலே தங்கம் மின்னியது. அதன் பிறகு எரிமலைக் கல்லான பியூமிஸ் தூள், சுண்ணத்தூள், கணவாய் ஓட்டுத் தூள் பூசிய வட்டத் தகடுகள் ஆகியவற்றால் மெருகு தந்தார்கள். சித்த மருத்துவம் கடல்நுரை என்று பயன்படுத்தும் அதே கணவாய் ஓடுதான் இது.

மக்கள் வெள்ளி அடைப்பு என்று சொல்லும் பாதரசக் கலவை 1826-இல் பாரிஸில் ஒகுஸ்த் தாவோ வெள்ளி நாணயப் பொடியையும் பாதரசத்தையும் சேர்த்துச் செய்ததிலிருந்து பரவியது. 1890-களின் நடுவில் சிகாகோவின் ஜி. வி. பிளாக் அதன் சேர்மானத்தை ஒழுங்குபடுத்தினார். இதை உடனே மெருகேற்ற முடியாது. கலவை முழுதாக இறுகக் குறைந்தது 24 மணி நேரம் வேண்டும் என்பதால் நோயாளி மறுநாள் வரவேண்டியிருந்தது. தேய்க்கும்போது எழும் சூடு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் பாதரசம் மேற்பரப்புக்கு வந்து அடைப்பைக் கெடுக்கும். ஆகவே ஈரமான தூளும் மெதுவான சுழற்சியும் விதியாயின. மெருகேற்றிய வெள்ளி அடைப்பு எளிதில் கறுத்து அரிக்காது. 1960-களில் தாமிரம் மிகுந்த கலவைகள் வந்து அவையே அரிப்பைத் தாங்கத் தொடங்கியதும் மறுநாள் மெருகு தேவையா என்ற கேள்வி எழுந்தது. பல இடங்களில் அந்த வழக்கம் மெல்ல நின்றுபோயிற்று.

பல் நிறத்தைத் தேடி

முன்பல்லில் வெள்ளியோ தங்கமோ பளிச்சிடுவதை எல்லோரும் விரும்பவில்லை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரவிய சிலிகேட் சிமெண்ட் பல்லின் நிறத்தில் இருந்தது. செல்லுலாய்டு பட்டையை அழுத்தி இறுகவிட்டால் அழகான பரப்பும் தந்தது. அதை ஒருமுறை சீவிவிட்டால் பழைய வழவழப்பு திரும்புவதில்லை. எச்சிலில் கரைந்து சில ஆண்டுகளிலேயே குழிந்தும் போகும். இரண்டாம் உலகப்போர் காலத்தில் ஜெர்மனியில் உருவான அக்ரிலிக் அடைப்புகளை நன்றாகவே மெருகேற்ற முடிந்தது. ஆனால் இறுகும்போது மிகவும் சுருங்கி ஓரத்தில் இடைவெளி விட்டன. வழவழப்பு மட்டும் ஓர் அடைப்பைக் காப்பாற்றாது என்பதற்கு அக்ரிலிக்கே சாட்சி.

திருப்பம் வாஷிங்டன் பக்கம் நிகழ்ந்தது. அங்கே அமெரிக்கத் தேசிய அளவீட்டு நிறுவனத்தில் பணியாற்றிய ரஃபேல் போவன், பிஸ்-ஜிஎம்ஏ என்ற பிசினில் குவார்ட்ஸ் துகள்களைக் கலந்து, இரண்டும் பிணைந்து நிற்க இடையில் சிலேன் பூச்சுக் கொடுத்தார். அதற்கான காப்புரிமை 1962-இல் கிடைத்தது. காம்போசிட் எனப்படும் இன்றைய வெள்ளை அடைப்பின் மூலம் இதுதான். 1960-களின் இறுதியில் அடாப்டிக், அதையொட்டிக் கன்சைஸ் முதலியவை சந்தைக்கு வந்தன. வலிமை கிடைத்தது. வழவழப்புக்கான தலைவலியும் அன்றே தொடங்கியது.

காரணம் துகள்களின் பருமனும் கடினமும். அந்தக் கால காம்போசிட்டில் குவார்ட்ஸ் துகள்கள் பத்து மைக்ரோமீட்டரிலிருந்து ஐம்பதுக்கும் மேல் வரை இருந்தன. மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸின் கடினம் 7. அதைச் சூழ்ந்த பிசினோ மிகவும் மென்மையானது. தேய்க்கும் கருவி பிசினைச் சீவும், துகளை அசைக்க முடியாது. பழைய காங்கிரீட் சாலையில் சிமெண்ட் தேய்ந்து ஜல்லி துருத்தி நிற்பதைப்போல் துகள்கள் மேலே எழும். இன்னும் அழுத்தித் தேய்த்தால் துகள் பெயர்ந்து விழுந்து அங்கே குழி விழும். எந்தக் கைத்திறனாலும் அதற்கு மேல் போக முடியவில்லை. மெருகேற்றி அனுப்பிய அடைப்புகூடப் பல் துலக்கத் துலக்கச் சொரசொரப்பாகி, ஓராண்டுக்குள் பழுப்பேறியது. முதல் தலைமுறைக் காம்போசிட்டைப் பல் மருத்துவர்கள் நம்பாமல் போனதற்கு இந்தக் கறையும் ஒரு பெரிய காரணம்.

துகளைச் சிறிதாக்கல்

1970-களின் பிற்பகுதியில் ஐரோப்பிய நிறுவனங்கள் நேரெதிர் முனைக்குப் போயின. நெருப்பில் உருவாக்கிய சுமார் 40 நானோமீட்டர் சிலிகாத் துகள்களைப் பிசினில் கலந்தன. இது நுண்துகள் காம்போசிட். கண்ணாடிபோல் மெருகு ஏறியது. ஏறிய மெருகு நிலைத்தும் நின்றது. ஆனால் இவ்வளவு சிறிய துகளைக் கொஞ்சம் சேர்த்தாலே பிசின் குழம்பாகக் கெட்டியாகிவிடும். அதனால் எடையில் பாதியளவுகூடத் துகள் சேர்ப்பது கடினமாக இருந்தது. கடைவாய்ப் பல்லின் கடியை இது தாங்கவில்லை, ஓரங்கள் உடைந்தன. முன்பல்லுக்கு ஒன்று, கடைவாய்க்கு ஒன்று என்று மருத்துவர் இரண்டு வகைகளை வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

1980-களில் வந்த கலப்பு வகைகள் இரண்டையும் சமரசப்படுத்தப் பார்த்தன. குவார்ட்ஸுக்குப் பதில் அதைவிட மென்மையான பேரியம், ஸ்ட்ரான்சியம் கண்ணாடி வந்தது. எக்ஸ்ரேயில் அடைப்பு தெரிந்தது கூடுதல் லாபம். சராசரித் துகள் அளவு படிப்படியாக ஒரு மைக்ரோமீட்டருக்குக் கீழே இறங்கியது. இவை மெருகை ஏற்றன, ஆனால் நெடுநாள் தக்கவைக்கவில்லை. 2000-களின் தொடக்கத்தில் இந்தியாவில் பிறந்த வேதியியலாளர் சுமிதா மித்ராவும் அவர் குழுவினரும் 3 எம் நிறுவனத்தில் உருவாக்கிய நானோ காம்போசிட் வேறு வழியை எடுத்தது. நானோ துகள்களைத் தளர்வான கொத்துகளாக இணைத்து, அந்தக் கொத்துகளோடு தனி நானோ துகள்களையும் கலந்தார்கள். கொத்து இருப்பதால் நிறையச் சேர்க்கலாம். தேயும்போது கொத்து முழுதாகப் பெயராமல் சிறுசிறு துணுக்குகளாகவே உதிரும். எனவே விழும் குழி ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறியது, பளபளப்பு மங்குவதில்லை. இதற்காக மித்ராவுக்கு 2021-இல் ஐரோப்பியக் கண்டுபிடிப்பாளர் விருது கிடைத்தது. இந்த வரலாற்றின் மிகப் புத்திசாலித்தனமான தீர்வு இதுவே என்று சொல்லலாம்.

கருவிகள்

துகளைவிடக் கடினமான பொருளால் தேய்த்தால்தான் துகளும் பிசினும் சேர்ந்து சீராகத் தேயும். அலுமினியம் ஆக்சைடும் (மோஸ் 9) வைரமும் (மோஸ் 10) பழைய பியூமிஸின் இடத்தைப் பிடித்தது இதனால்தான். 1970-களில் வந்த சாஃப்லெக்ஸ் போன்ற வளையும் வட்டத் தகடுகள் முரட்டுத் தரத்திலிருந்து மிக நுண் தரம் வரை வரிசையாக வருபவை. ஒவ்வொன்றும் முந்தையதன் கீறலை அழிக்க வேண்டும். நடுவில் ஒன்றைத் தாண்டினால் ஆழக்கீறல் அப்படியே தங்கிவிடும். தட்டையான இந்தத் தகடுகள் கடைவாய்ப் பல்லின் பள்ளங்களுக்குள் நுழைவதில்லை. அங்கே வைரத்தூள் கலந்த சிலிக்கோன் ரப்பர் முனைகளும் தூரிகைகளும் வேலை செய்கின்றன.

எந்தக் கருவியும் தொடாத பரப்புதான் எல்லாவற்றிலும் வழவழப்பானது என்பது விநோதம். மைலர் என்னும் மெல்லிய பிளாஸ்டிக் பட்டையின் கீழ் இறுகிய காம்போசிட்டை எந்த மெருகும் மிஞ்சுவது அரிது. அப்படியே விட்டுவிடலாமே என்றால் முடியாது. அந்த மேல்படலத்தில் பிசின் மிகுதி, துகள் குறைவு. சீக்கிரம் தேயும், கறை பிடிக்கும். கடிப்பொருத்தத்துக்காக அதைச் சீவாமலும் இருக்க முடியாது.

லண்டன் அரசு வேதியியல் ஆய்வகத்தில் ஆலன் வில்சனும் பிரையன் கென்ட்டும் உருவாக்கி 1970-களின் தொடக்கத்தில் வெளியிட்ட கண்ணாடி அயனோமர் சிமெண்டில் நிலைமை வேறு. பல்லோடு தானே ஒட்டும், ஃபுளோரைடு கசியும். காம்போசிட் அளவுக்கு மெருகு ஏறாது. முதல் நாளில் நீர் பட்டாலும் கெடும், உலர்ந்தாலும் வெடிக்கும் என்பதால் இறுதி மெருகைத் தள்ளிப்போட்டு, அதுவரை வார்னிஷ் பூசி வைத்தார்கள்.

எவ்வளவு வழவழப்பு போதும்?

எந்திரப் பொறியியலுக்காக இங்கிலாந்தின் லெஸ்டரில் 1940-களின் தொடக்கத்தில் செய்யப்பட்ட, வைர ஊசியைப் பரப்பில் இழுத்து மேடுபள்ளம் அளக்கும் கருவி பின்னர் பல் ஆய்வகங்களுக்கும் வந்தது. அது தரும் சராசரிச் சொரசொரப்பு எண்ணைத்தான் பெரும்பாலான ஆய்வுகள் ஒப்பிடுகின்றன. சராசரி என்பதால் ஒற்றை ஆழக்கீறல் அதில் ஒளிந்துகொள்ளும். ஆகவே மின்னணு நுண்ணோக்கிப் படத்தையும் சேர்த்துப் பார்ப்பதே சரி.

1997-இல் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த போலன், லாம்பிரெக்ட்ஸ், கிரினன் ஆகியோர் 0.2 மைக்ரோமீட்டர் என்ற எல்லையை முன்வைத்தார்கள். அதற்கு மேல் போகப்போக அழுக்குப் படலம் கூடும். அதற்குக் கீழே மேலும் வழவழப்பாக்கினாலும் கிருமிகள் ஒட்டுவது குறைவதில்லை. வாய்க் கிருமிகள் பலவும் ஏறத்தாழ அரை முதல் ஒரு மைக்ரோமீட்டர் வரை இருப்பதை நினைத்தால் இது பொருந்துகிறது. எனினும் இந்த எல்லை பெரும்பாலும் டைட்டானியம் உள்வைப்புகளில் நடந்த சோதனைகளிலிருந்து பெறப்பட்டது. எல்லா அடைப்புக்கும் பொதுவான சட்டம்போல் அதை மேற்கோள் காட்டுவது மிகை. 2004-இல் பிரிட்டிஷ் ஆய்வு ஒன்று, 0.25 முதல் 0.5 மைக்ரோமீட்டர் வரையிலான சொரசொரப்பு வேறுபாட்டை நாக்கே உணர்ந்துவிடும் என்று காட்டியது.

ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜனவரியிலிருந்து பாதரச அடைப்பை ஏறக்குறைய முழுதாக நிறுத்திவிட்டதால் காம்போசிட்டின் பங்கு மேலும் கூடுகிறது. அதோடு நடைமுறையும் மாறியிருக்கிறது. ஓரம் கறுத்தாலோ மேல்பரப்பு சொரசொரத்தாலோ முன்பெல்லாம் அடைப்பையே பெயர்த்துப் புதிதாக வைத்தார்கள். ஒவ்வொரு முறையும் நல்ல பல்லும் கொஞ்சம் போயிற்று. அடியில் சொத்தை இல்லாதபோது மறுமெருகு மட்டும் கொடுத்தால் போதும் என்பதே இப்போது பரவலான கருத்து. அடைத்த பல்லில் நாக்குக்குச் சொரசொரப்புத் தட்டுப்பட்டால் மருத்துவரிடம் சொல்லி மெருகேற்றிக்கொள்ளலாம். மயக்க ஊசி பெரும்பாலும் தேவைப்படாத வேலை அது.