வாடிய திராட்சையும் யவனர் தேறலும்

தோட்டத்துல பிறந்தவனுக்குக் குடி என்றால் கள்ளுக்கடைதான் நினைவுக்கு வரும். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தமிழ்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கள்ளுக்கடைகளை மூடு என்பதும் அவர்கள் கோரிக்கைகளில் ஒன்று. ஆனால் புறநானூற்றின் 56-ஆம் பாடலில் நக்கீரர் பாண்டியன் நன்மாறனிடம், யவனர் நல்ல கலங்களில் கொண்டுவந்த தேறலைப் பொற்கிண்ணத்தில் தினமும் குடித்து இன்புற்றிரு என்கிறார். உரைகளில் 'யவனர் மது' என்று இருக்கும். என்ன மது?

அந்தக் கலங்கள் உடைந்துபோனது நமக்கு லாபம். 1945-இல் புதுச்சேரி அருகே அரிக்கமேட்டில் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது ஆம்போரா ஜாடித் துண்டுகள் கிடைத்தன. பின்னாளில் அவற்றை ஆராய்ந்த எலிசபெத் லைடிங் வில், பல துண்டுகள் கோஸ் வகை என்று கண்டார். கைப்பிடி ஒவ்வொன்றும் இரண்டு குழாயை ஒட்டவைத்த மாதிரி இருக்கும். கோஸ் கிரேக்கத் தீவு. அந்த ஜாடியையும் வைனையும் இத்தாலிக்காரர்களும் காப்பியடித்தார்கள்.

செய்முறையை கி.மு. 2-ஆம் நூற்றாண்டிலேயே ரோமானியரான கேட்டோ எழுதி வைத்திருக்கிறார். காற்றில்லாத நாளில் ஆழ்கடல் தண்ணீரை எடுத்து 70 நாள் முன்பே வைக்க வேண்டும். நன்றாகப் பழுத்த திராட்சையைப் பறித்து 2 நாள் வெயிலில் காயவைக்க வேண்டும்.

இந்தக் காயவைக்கிற வேலை எங்க ரிங்லெட் பக்கத்து ஆட்களுக்குப் புதுசில்லை. தேயிலை ஃபேக்டரியில் கொழுந்தை முதலில் காற்றில் வாட்டுவார்கள், அப்புறம்தான் உருட்டுவது. தண்ணீர் போகும், சாரம் தங்கும். வெரோனாவில் கொர்வினா திராட்சையைத் தட்டுகளில் பரப்பி மூன்று நான்கு மாதம் வாட்டுகிறார்கள். சர்க்கரை மிச்சமிருக்க நொதித்தலை நிறுத்தினால் இனிப்பான ரெச்சோத்தோ. முழுக்க நொதிக்க விட்டால் கசப்போடு திடமான அமரோனே. 6-ஆம் நூற்றாண்டில் அரசவைக்காகக் காசியோடோரஸ் எழுதிய கடிதமொன்று, வெரோனாவின் உலர்திராட்சை வைனை அரசர் பந்திக்குக் கேட்கிறது.

உடனே வாட்ஸ்அப்பில் 'பாண்டியன் குடித்த அமரோனே' என்று பரப்பிவிட வேண்டாம். 2 நாள் வெயில் வேறு, 100 நாள் வேறு. அமரோனே என்ற பெயரே 20-ஆம் நூற்றாண்டில்தான் பிரபலமானது. கோஸ் வைனில் உப்புத் தண்ணீர் வேறு! ஆனாலும் நன்மாறன் கிண்ணத்தில் இருந்தது வாடிய திராட்சையின் சாறாக இருந்திருக்கலாம்.

பெரிப்ளூஸ் என்ற கிரேக்கக் கடல்வழிக் குறிப்பு, முசிறிக்கு வந்த சரக்கில் வைனையும் சேர்க்கிறது, அதிகமில்லை என்ற குறிப்போடு. ஆக அது அரண்மனைச் சரக்கு. துறையில் அந்த ஜாடிகளைச் சுமந்து இறக்கியவன் சாயங்காலம் குடித்தது கள்ளாகத்தான் இருக்கும்.