அடமானம் இல்லாத இழப்பு: லயத்து வீடும் திரைக்கதையும்

ராமின் பஹ்ரானியின் ‘99 ஹோம்ஸ்’ (2014) படத்தில், ஒர்லாண்டோ நகரில் கடன் தவணை தவறிய டென்னிஸ் நாஷின் குடும்பம் வீட்டைவிட்டு வெளியேற்றப்படுகிறது. பிழைப்புக்காக அவன், தன்னை வெளியேற்றிய தரகன் ரிக் கார்வரிடமே வேலைக்குச் சேர்ந்து அடுத்தவர் கதவைத் தட்டுகிறான். இக்கதை நகர ஓர் அடமானப் பத்திரம் தேவை. மலேசியாவின் சுங்கை செம்பிலாங் கடலோரம் முதல் பெஸ்தாரி ஜெயா வரையிலான தோட்டப்புறத்தில் வீடிழந்தவர்களிடம் அந்தப் பத்திரமே இருந்ததில்லை. ஆகவே அவர்களின் கதைக்கு வேறு வடிவம் வேண்டியிருந்தது என்பதே என் வாதம்.

மலேசியாவில் வங்கிக்கடன் தவறியவரை 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டம் கடைசிவரை உரிமையாளராகவே நடத்துகிறது. முன்னறிவிப்பு உண்டு, விற்பனை ஆணை உண்டு, ஏலம் உண்டு. கடன் போக மிஞ்சினால் அது அவருடையது. லேலோங் எனப்படும் ஏல அறிவிப்பு ஒட்டப்படுவது அவமானம்தான், ஆனால் அந்தத் தாளில் அவர் பெயர் இருக்கிறது. தோட்டத்து லயத்து வீட்டில் குடியிருப்பவருக்கு அதுகூட இல்லை. 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் வீட்டுத் தரச் சட்டம், வேலை செய்யும் காலத்தில் முறையான வீடும் வசதியும் கேட்க இடம் தருகிறது, வீட்டைத் தரவில்லை. மூன்று தலைமுறை பால்மரம் வெட்டியிருந்தாலும், வேலை போனால் வீடும் போகும்.

தோட்டத் துண்டாடலுக்கு எதிராக 1960இல் வீ. தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தொழிலாளியைப் பங்குதாரராக்கியது. பெரிய முயற்சிதான். ஆயினும் தோட்டத்தில் பங்கு என்பது குடியிருக்கும் வீட்டுக்குப் பட்டா ஆகாது. முன்பு பத்தாங் பெர்ஜுந்தை எனப்பட்ட பெஸ்தாரி ஜெயாவின் மேரி, நைகல் கார்டனர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் ஆகிய ஐந்து தோட்டத்து மக்கள் மாற்று வீட்டுக்காக இருபது ஆண்டுகளுக்கும் மேல் போராட நேர்ந்ததற்கு இந்த வெற்றிடமே அடிப்படை.

சஞ்சய் குமார் பெருமாளின் ‘ஜகாட்’ (2015) தோட்டத்தைவிட்டு வந்த குடும்பங்களின் 1990களைக் காட்டுகிறது. குண்டர் கும்பல் படம் என்று அதைச் சுருக்குவோர் ஒன்றைத் தவறவிடுகிறார்கள்: வெளியேற்றம் படம் தொடங்குமுன்பே முடிந்துவிட்டது. கார்வரைப் போல முகமுள்ள எதிரி இல்லாததால் கோபம் வீட்டுக்குள் திரும்புகிறது. தந்தையின் அடி அப்போய் என்னும் சிறுவன்மேல் விழுகிறது. இதைப் படத்தின் குறையாக நான் கருதவில்லை. இழப்பின் சட்டவடிவமே அப்படித்தான் இருந்தது.

தீபக் குமரன் மேனனின் ‘செம்மண் சாலை’ (2005) 1960களின் ரப்பர் தோட்டத்தோடு நின்றுகொள்கிறது. ஒரு படம் வெளியேற்றத்துக்கு முன், மற்றது பின். வெளியேற்றம் இரண்டிலும் காட்சியாகவில்லை. அதைப் படமாக்க முனையும் இயக்குநருக்கு நாஷின் வாசலில் நடப்பது போன்ற ஒற்றைக் காலைப்பொழுது உதவாது. மனு, கூட்டம், வாக்குறுதி, தேர்தல், மறுபடியும் மனு என்று நீளும் ஆண்டுகளையே அவர் திரைக்கதையாக்க வேண்டியிருக்கும்.