புறப்படுமுன் ஒரு பார்வை

கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைக்கு வேனில் சுற்றுலா சென்றிருக்கிறீர்களா? அப்படியானால் இந்தக் காட்சி உங்களுக்குப் பழக்கமானதாக இருக்கும். எல்லோரும் ஏறி அமர்ந்துவிட்டார்கள். ஓட்டுநர் சூடம் கொளுத்திக் காட்டுகிறார். முன்சக்கரங்களின் அடியில் எலுமிச்சம்பழம் வைக்கிறார். பிறகு வண்டியைக் கிளப்புகிறார். பழம் வைப்பதற்காக அவர் சக்கரத்தின் அருகே குனிகிறார் அல்லவா? குனிந்தபோது டயரையும் ஒரு பார்வை பார்த்தாரா? அந்தப் பார்வையைப் பற்றியதே இக்கட்டுரை. அதற்கு நீண்ட வரலாறு உண்டு.

உமணர் வண்டியும் ஸ்டெப்னியும்

சங்க காலத்தில் கடற்கரை உப்பை வண்டிகளில் ஏற்றி உள்நாட்டுக்குக் கொண்டு சென்றவர்கள் உமணர்கள். அவர்கள் தங்கள் வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு புறப்பட்டார்கள் என்ற செய்தி, புறநானூற்றில் ஔவையார் பாடல் ஒன்றில் வருகிறது. அதற்குச் 'சேம அச்சு' என்று பெயர். வழியில் மேடு வருமோ, பள்ளம் வருமோ என்று வீட்டு வாசலிலேயே எண்ணிப் பார்த்த மக்கள் அவர்கள். பிற்காலத்து மாட்டுவண்டிக்காரரும் கடையாணி சரியாக இருக்கிறதா, அச்சுக்கு மை போட்டிருக்கிறதா என்று பார்த்த பிறகே மாட்டைப் பூட்டினார்.

மோட்டார் வண்டி வந்தபோது சேம அச்சின் இடத்தை மாற்றுச் சக்கரம் பிடித்தது. நாம் அதை 'ஸ்டெப்னி' என்கிறோம். வேல்ஸ் நாட்டில் லானெல்லி என்ற ஊரின் ஸ்டெப்னி தெருவில், 1904-ஆம் ஆண்டு டேவிஸ் சகோதரர்கள் இதைச் செய்து விற்கத் தொடங்கினார்கள். தெருவின் பெயரே பொருளின் பெயராக நம் ஊர்வரை வந்துவிட்டது.

மலை இறக்கத்தில் நடப்பது என்ன?

சமவெளியில் ஓடும் வண்டிக்கே சோதனை வேண்டும் என்றால், மலையில் ஓடும் வண்டிக்கு அது இன்னும் எத்தனை முக்கியம்! ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

பயணிகளோடு சேர்த்து ஒரு வேனின் நிறை 3,000 கிலோகிராம் என்று வைத்துக்கொள்வோம். அது கல்வராயன் மலையிலிருந்து 600 மீட்டர் உயரம் இறங்குகிறது. இழக்கும் நிலை ஆற்றல் 3,000 × 9.8 × 600. அதாவது ஏறத்தாழ 1 கோடியே 76 லட்சம் ஜூல். இந்த ஆற்றல் எங்கே போகும்? அழியாது, வெப்பமாக மாறும். 60 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர இது போதும்! காற்றும் சாலையும் இதில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். மீதியை எஞ்சினும் பிரேக்கும்தான் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். ஏறும்போது போட்ட அதே சிறிய கியரில் இறங்க வேண்டும் என்று அனுபவசாலிகள் சொல்வது இதனால்தான். டீசல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் இறங்கினால், எஞ்சினின் பங்கும் பிரேக்கின் தலையில் விழும்.

வேனில் நாம் மிதிக்கும் விசையைச் சக்கரத்துக்கு எடுத்துச் செல்வது பிரேக் ஆயில். 17-ஆம் நூற்றாண்டில் பாஸ்கல் கண்ட விதிதான் இங்கே வேலை செய்கிறது. திரவம் எளிதில் அமுங்காது. ஆகவே ஓரிடத்தில் கொடுத்த அழுத்தம் எல்லா இடங்களுக்கும் அப்படியே செல்லும். ஆனால் இந்த ஆயிலுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. அது காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும். டாட்-3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரிக்குக் குறையாமல் சூடேறினால்தான் கொதிக்க வேண்டும் என்பது தரவிதி. ஈரம் சேர்ந்தபின் 140 டிகிரி தாங்கினால் போதும் என்று அதே விதி ஏற்றுக்கொள்கிறது. நீண்ட இறக்கத்தில் சூடு அந்த அளவைத் தாண்டினால் ஆயில் கொதித்து ஆவிக்குமிழ்கள் தோன்றும். ஆவி அமுங்கும். மிதி அடிவரை போகும், வண்டி நிற்காது.

வானம் கற்பித்த பாடம்

"நான் இருபது வருடமாக ஓட்டுகிறேன். எனக்குச் சோதனை எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்காக ஒரு நிகழ்ச்சி.

1935-ஆம் ஆண்டு அக்டோபர் 30. அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் ரைட் ஃபீல்டு விமானத் தளம். போயிங் நிறுவனத்தின் 'மாடல் 299' என்ற நான்கு எஞ்சின் விமானம் சோதனைக்காகப் புறப்பட்டது. ஓட்டியவர் மேஜர் ப்ளோயர் ஹில், தேர்ந்த விமானி. விமானம் செங்குத்தாக எழும்பி, வேகம் இழந்து, விழுந்து எரிந்தது. அவரும் உடனிருந்த விமானி லெஸ்லி டவரும் இறந்தார்கள். இயந்திரக் கோளாறு எதுவும் இல்லை. தரையில் நிற்கும்போது வால் சிறகுகள் காற்றில் ஆடாதிருக்கப் போடும் பூட்டை விடுவிக்க மறந்திருந்தார்கள். அவ்வளவுதான்!

திறமை குறைவாக இருந்ததால் நேர்ந்த விபத்தல்ல இது. வேலைகள் பல சேரும்போது எந்த மனித மூளையும் ஒன்றை மறக்கும். ஆகவே விமானிகள் நினைவை நம்புவதை விட்டார்கள். புறப்படுமுன் ஒவ்வொன்றாகப் படித்துப் பார்க்கும் பட்டியலைக் கையில் எடுத்தார்கள். இன்றும் பட்டியல் இல்லாமல் எந்தப் பயணிகள் விமானமும் தரையை விட்டு எழும்புவதில்லை.

சான்றிதழும் கண்ணும்

சாலை வண்டிகளுக்கு என்ன ஏற்பாடு? இந்தியா முழுமைக்குமான முதல் மோட்டார் வாகனச் சட்டம் 1914-இல் வந்தது. 1939-ஆம் ஆண்டுச் சட்டம் வாடகை வண்டிகளுக்குத் தகுதிச் சான்றைக் கட்டாயமாக்கியது. நாம் 'எப்.சி.' என்பது அதைத்தான். இன்று 1988-ஆம் ஆண்டுச் சட்டம் நடப்பில் உள்ளது. எட்டு ஆண்டு வரையான வண்டிக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், அதற்கு மேற்பட்டதற்கு ஆண்டுக்கு ஒருமுறையும் சான்றைப் புதுப்பிக்க வேண்டும்.

சான்று இருந்தால் போதுமா? 2012-ஆம் ஆண்டு ஜூலை மாதம் சென்னையை அடுத்த தாம்பரம் பகுதியில், பள்ளிப் பேருந்தின் தளத்தில் இருந்த ஓட்டை வழியாக ஒரு சிறுமி சாலையில் விழுந்து இறந்தாள். அந்தப் பேருந்துக்கும் தகுதிச் சான்று இருந்தது. சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே தலையிட்டது. அதே ஆண்டில் பள்ளி வாகனங்களுக்கென்று தமிழக அரசு சிறப்பு விதிகளை வகுத்தது.

சான்று என்பது, சோதித்த அன்று வண்டி நன்றாக இருந்தது என்று மட்டுமே கூறும். மற்ற நாட்களுக்கு யார் பொறுப்பு? 1988 சட்டத்தின் 190-ஆம் பிரிவு இதற்கு விடை சொல்கிறது. சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தால் தெரிந்திருக்கக் கூடிய ஆபத்தான குறையோடு வண்டியை ஓட்டினால், ஓட்டினவரும் ஓட்ட விட்டவரும் குற்றவாளிகளே.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கல்லூரி மாணவர்களோடு பெரியார் அருவிக்குப் புறப்பட்டோம். வேனின் பின்சக்கரத்தின் உட்பக்கம் ஈரமாக இருந்ததை ஒரு மாணவன் கண்டான். "மழைத் தண்ணீர் தம்பி, எப்.சி. போன மாதம்தான் எடுத்தோம்" என்றார் ஓட்டுநர். பையன் தொட்டுப் பார்த்தான், விரலில் பிசுபிசுத்தது. பிரேக் ஆயில்! பயணம் இரண்டு மணி நேரம் தாமதமாயிற்று. சாயங்காலம் மலை இறங்கும்போது அந்த ஓட்டுநரே அவனை அழைத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

ஐந்து நிமிடம் போதும்

என்னென்ன பார்ப்பது? டயரின் பட்டன் 1.6 மில்லிமீட்டர் ஆழமாவது இருக்க வேண்டும். சக்கர நட்டுகளைச் சுற்றித் துருக்கோடு தெரிந்தால் அவை தளர்ந்திருக்கலாம். வண்டி நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை உண்டா என்று பாருங்கள். எஞ்சினை நிறுத்தி வைத்துப் பிரேக்கை நாலைந்து முறை மிதித்து, அழுத்தியபடியே எஞ்சினைக் கிளப்பச் சொல்லுங்கள். மிதி சற்றே கீழிறங்கினால் வெற்றிட உதவிச் சாதனம் வேலை செய்கிறது என்று பொருள். அப்படியே நிற்காமல் தொடர்ந்து அமிழ்ந்துகொண்டே போனால் எங்கோ கசிவு இருக்கிறது. விளக்கு, ஹாரன், வைப்பர், அவசர வழிக் கதவு, ஸ்டெப்னியின் காற்று இவற்றையும் பார்த்துவிட்டால் வேலை முடிந்தது.

அடுத்த முறை ஓட்டுநர் எலுமிச்சம்பழத்தோடு குனியும்போது நீங்களும் பக்கத்தில் குனிந்து பாருங்கள். பழம் அவர் வைக்கட்டும். டயரை இருவரும் பார்க்கலாம்.