வாடகை வீட்டில் எலி, பூச்சித் தொல்லை: உடல்நலமும் சட்ட வழிகளும்

ஆஸ்துமா நோயாளியோ, கைக்குழந்தையோ, முதியவரோ வாழும் வீட்டில் எலியும் பூச்சியும் பெருகினால், மருந்து மட்டும் நோயைத் தீர்க்காது. அவை பெருகுவதற்கான காரணமும் நீங்க வேண்டும். வீட்டு உரிமையாளர் அதைக் கவனிக்காவிடில், வாடகைதாரருக்குச் சட்டத்தில் வழிகள் உண்டு.

உடல்நலப் பாதிப்புகள்

• எலி: இதன் சிறுநீர் கலந்த நீரின் மூலம் எலிக்காய்ச்சல் பரவும். காய்ச்சலுடன் கெண்டைக்கால் தசைவலி, கண் சிவத்தல் அல்லது மஞ்சள் காமாலை தோன்றினால் உடனே அரசு மருத்துவமனையை அணுகவும்.
• கரப்பான்: இதன் எச்சமும் உதிரும் உடற்பகுதிகளும் ஒவ்வாமையை உண்டாக்கி, ஆஸ்துமாவைத் தீவிரமாக்கும்.
• மூட்டைப்பூச்சி: அரிப்பு, தோல் புண், தூக்கமின்மை ஏற்படும்.

யாருடைய பொறுப்பு?

தமிழ்நாட்டில் 2017-ஆம் ஆண்டின் சொத்து உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகள், பொறுப்புகள் முறைப்படுத்தும் சட்டம் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ளது. கட்டடப் பழுதும் குழாய் மாற்றுதலும் உரிமையாளரின் பொறுப்பு. வடிகால் சுத்தம் செய்தல் போன்ற அன்றாடப் பராமரிப்பு வாடகைதாரரின் பொறுப்பு. ஆகவே எலி எவ்வழியே நுழைகிறது என்பதை முதலில் கண்டறியவும். சுவர் விரிசல், உடைந்த கழிவுநீர்க் குழாய் ஆகியவை காரணமெனில் உரிமையாளரிடம் கோரலாம்.

செய்ய வேண்டியவை

1. தேதியுடன் புகைப்படங்கள் எடுத்து, மருத்துவச் சீட்டுகளுடன் பாதுகாக்கவும்.
2. பழுதைக் குறிப்பிட்டு உரிமையாளருக்கு ஒப்புகை கிடைக்கும் வகையில் தபாலில் கடிதம் அனுப்பவும்.
3. அவர் மறுத்தால், அவருக்குரிய பழுதுபணியை நீங்களே செய்து செலவை வாடகையில் கழிக்கலாம். ஒரு மாதத்தில் கழிக்கும் தொகை அம்மாத வாடகையில் பாதியை மிஞ்சக் கூடாது. ரசீதுகளைப் பத்திரப்படுத்தவும்.
4. வசிக்கவே இயலாத நிலையில், எழுத்து மூலம் கோரியும் பழுது நீக்கப்படாவிடில், 15 நாள் முன்னறிவிப்புக் கொடுத்து வீட்டைக் காலி செய்யலாம்.
5. தீர்வு கிட்டாவிடில் உங்கள் பகுதிக்குரிய வாடகை அதிகாரியிடம் முறையிடவும். வாடகை ஒப்பந்தம் எழுத்து வடிவில், பதிவு செய்யப்பட்டிருப்பது அவசியம்.
6. சுகாதாரக் கேடு குறித்து மாநகராட்சி, நகராட்சி அல்லது ஊராட்சியின் சுகாதாரப் பிரிவில் புகார் அளிக்கவும். 1939-ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டம் இதற்கு இடமளிக்கிறது.

வாடகையை முழுவதுமாக நிறுத்த வேண்டாம். நிலுவைத் தொகையே உங்களை வெளியேற்றுவதற்குக் காரணமாகக் காட்டப்படலாம்.

எச்சரிக்கை

எலி மாத்திரைகளை (அலுமினியம் பாஸ்பைடு) குடியிருப்பு அறைகளில் ஒருபோதும் வைக்கக் கூடாது. அவை வெளியிடும் பாஸ்பீன் வாயு, உறங்குபவர்களின் உயிரைப் பறிக்கும். அடுத்த அறைக்கும் பரவும். பூச்சிக்கொல்லி தெளித்தபின் வாந்தி, மயக்கம், மூச்சுத்திணறல் ஏற்பட்டால் அனைவரும் வெளியேறி, 108 ஆம்புலன்ஸை அழைக்கவும்.

உதவிக்கு

மருத்துவ ஆலோசனைக்கு 104. சட்ட உதவிக்கு 15100. மகளிர், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள், பட்டியல் இனத்தவர் மற்றும் பழங்குடியினர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கட்டணமின்றி வழக்கறிஞர் உதவி பெறலாம்.