விரலில் மட்டும் குத்தாதே

மரத்துப்போகும் மருந்தில் அட்ரினலின் கலந்தால் அதை விரலில் மட்டும் குத்தவே கூடாது. இருபதாம் நூற்றாண்டின் மருத்துவ மாணவர்கள் தலைமுறை தலைமுறையாக இதை மனப்பாடம் செய்தார்கள். அட்ரினலின் ரத்தக்குழாயைச் சுருக்கும், ரத்தம் போகாத விரல் அழுகிவிடும். கேட்டால் நியாயமாகத்தான் இருக்கிறது.

அந்த நியாயத்துக்கு நோயாளிகள் கொடுத்த விலை கொஞ்சநஞ்சமல்ல. அட்ரினலின் இல்லையென்றால் ரத்தக்கசிவை நிறுத்த மேற்கையில் பட்டையை இறுக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் பட்டை கட்டிய இடம் உயிர்போக வலிக்கும். ஆக, ஒரு விரலுக்காக முழுக் கையையும் மரக்கவைக்கணும், இல்லை ஆளையே மயக்கணும். 1908இல் ஜெர்மானியர் ஆகஸ்ட் பியர் கையின் ரத்தத்தை வடித்து, பட்டை கட்டி, சிரை வழியே புரோகேயினை ஏற்றினார். (1898இல் தன் முதுகுத்தண்டிலேயே கோகேயினைச் செலுத்திப் பார்க்கச் சொன்ன ஆள் இவர்!) அருமையான யுக்திதான். ஆனால் பட்டை அகாலத்தில் அவிழ்ந்தால் மருந்து மொத்தமும் இதயத்துக்கு ஓடும்.

சரி, அழுகிய விரல்கள்? அவை பொய்யில்லை. 1880 முதல் 2000 வரை பதிவானவற்றை டெங்க்லர் என்ற மருத்துவர் 2001இல் தேடி எண்ணினார்: 48. பாதிக்கு மேல் அட்ரினலினே இல்லாதவை. பெரும்பாலும் கோகேயின், புரோகேயின் காலத்தவை. லிடோகேயினோடு அட்ரினலின் சேர்த்துப் போட்டதில் ஒன்றுகூட இல்லை. புரோகேயின் பழையதாக ஆக அமிலமாகும். 1948இல் அமெரிக்காவில் சிக்கிய சில புட்டிகளின் பிஎச் 1. விரலுக்குள் ஏறியது அமிலம், பழி ஏறியது அட்ரினலின்மேல்.

எங்கள் தொழிலில் பழைய கோடில் "இதைத் தொடாதே" என்று யாரோ கமெண்ட் எழுதி வைத்திருப்பார்கள். எழுதியவர் வேலையை விட்டுப்போய் வருடங்கள் ஆகியிருக்கும், நாங்களும் தொடமாட்டோம். கனடாவின் செயின்ட் ஜான் நகரத்து டொனால்ட் லலோண்ட் தொட்டார். அவரும் சகாக்களும் கையிலும் விரலிலும் அட்ரினலின் போட்ட 3,110 சிகிச்சைகளை 2005இல் வெளியிட்டார்கள். ஒரு விரலும் போகவில்லை. சுருங்கிய குழாயை விரிக்க ஃபென்டோலமைன் என்ற மாற்றுமருந்து உண்டு. அதுவும் தேவைப்படவில்லை.

இப்போது பட்டையும் இல்லை, மயக்கமும் இல்லை. ஊசி போட்டு அரைமணி நேரம் காத்திருந்தால் விரல் வெளிறிவிடும். அறுந்த தசைநாணைத் தைத்ததும், முழித்திருக்கும் ஆளிடம் மருத்துவர் "விரலை மடக்குங்க" என்கிறார். மடக்கும்போது தையல் விட்டுக்கொடுத்தால், தோலை மூடும் முன்பே மறுபடி தைக்கலாம்.