தென்சென்னைக் குன்றுகளில் கற்சுரங்கமும் காட்டுயிரும்: தாக்க மதிப்பீட்டின் வரலாற்றுச் சிக்கல்

முன்னுரை

பரங்கிமலையில் தொடங்கிப் பல்லாவரம், திரிசூலம், பம்மல் வழியாக வண்டலூர் வரை விட்டுவிட்டுக் கிடக்கும் சிறுகுன்றுகள் சென்னைக்குக் கருங்கல் தந்தவை. சுரங்கத் தொழிலால் காட்டுயிர்கள் அடையும் பாதிப்பு என்றவுடன் மேற்குத் தொடர்ச்சி மலையும் யானை வழித்தடங்களும் நினைவுக்கு வருவது இயல்பு. தாம்பரத்தைச் சூழ்ந்த இக்குன்றுகளில் யானையும் இல்லை, பெருங்காடும் இல்லை. முட்புதர்க்காடும், பாறை இடுக்குகளும், அடிவாரத்து ஏரிகளுமே இருந்தன. பார்ப்பவர் கண்ணுக்கு வெறும் பாறையாகத் தோன்றியதாலேயே இந்நிலம் காடு என்ற கணக்கில் முழுமையாகச் சேரவில்லை. இங்குக் கற்சுரங்கம் விளைவித்த மாற்றத்தை மதிப்பிடுவதில் உள்ள தடை வரலாற்றுத் தன்மையது என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

கல்லைக் கண்டவர்களும் உயிரைக் காணாதவர்களும்

இக்குன்றுகளில் கல் வெட்டும் வழக்கம் மிகப் பழையது. பல்லாவரம் குன்றில் முதலாம் மகேந்திரவர்மன் காலத்துக் குடைவரை உள்ளது. இன்று அது தர்காவாக வழங்குகிறது. ஆனால் குடைவரை குன்றைக் குடைந்ததேயன்றி அகற்றவில்லை. உளியும் ஆப்பும் கொண்டு கல் பிளந்த காலத்திற்கும், வெடிமருந்தும் அரவை இயந்திரமும் வந்த காலத்திற்கும் உள்ள வேறுபாடு இதுவே. முன்னதில் பாறை முகம் மாறியது. பின்னதில் குன்றே ஜல்லியாகி லாரியில் ஏறியது.

காலனிய ஆட்சிக் காலத்தில் இப்பகுதி அறிவியல் உலகின் கவனத்திற்கு இருமுறை வந்தது. இருமுறையும் வெட்டப்பட்ட கல்லும் தோண்டப்பட்ட குழியுமே அதற்கு வழிசெய்தன. 1863 மே 30 அன்று இராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்துச் சரளைக்கல் குழி ஒன்றில் பழங்கற்காலக் கருவியைக் கண்டெடுத்தார். இந்தியத் தொல்பழங்கால ஆய்வின் தொடக்கமாக அது கொள்ளப்படுகிறது. முப்பது ஆண்டுகள் கழித்து, 1893இல், தாமஸ் ஹாலந்து இங்குள்ள பாறை வகைக்குச் ‘சார்னோக்கைட்’ என்று பெயரிட்டார். கல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னோக்கின் கல்லறைக் கல் இவ்வகையினது. அது பல்லாவரம் பகுதியிலிருந்து கொண்டுசெல்லப்பட்டதாகக் கருதப்படுகிறது. பரங்கிமலையில் வெளிப்பட்டுள்ள இப்பாறையை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவித்துள்ளது.

சரளையில் கிடந்த ஒரு கைக்கோடரிக்கு நாளும் இடமும் பதிவாகியுள்ளன. கல்லின் கனிமச் சேர்க்கை நூலாக விரிந்துள்ளது. அதே குழியின் விளிம்பில் வாழ்ந்த உடும்புக்கோ கீரிக்கோ நரிக்கோ அத்தகைய பதிவு வாய்க்கவில்லை. கல் வருவாய் தந்தது. உரிமம், சீனியரேஜ் கட்டணம், குத்தகைப் பதிவேடு என ஆவணம் பெருகியது. உயிர்கள் எவருடைய கணக்கிலும் வரவில்லை. தாக்க மதிப்பீடு என்பது முன்நிலையையும் பின்நிலையையும் ஒப்பிடும் செயல். தென்புறநகரைப் பொறுத்தவரை அந்த முன்நிலை எழுதப்படாமலேயே போயிற்று.

சட்டம் வந்த காலம்

1957ஆம் ஆண்டின் சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டம் கட்டடக்கல்லைச் சிறுகனிமம் என வகைப்படுத்தி, அதன் மீதான விதிகளை வகுக்கும் அதிகாரத்தை மாநிலங்களுக்கு அளித்தது. தமிழ்நாட்டின் சிறுகனிமச் சலுகை விதிகள் 1959இல் வந்தன. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டைக் கட்டாயமாக்கிய 1994ஆம் ஆண்டு அறிவிக்கை, ஐந்து ஹெக்டேருக்கு மேற்பட்ட பெருங்கனிமச் சுரங்கங்களையே கருத்தில் கொண்டது. 2006 அறிவிக்கையிலும் ஐந்து ஹெக்டேர் வரம்பு நீடித்தது. தீபக் குமார் எதிர் அரியானா மாநிலம் வழக்கில் 2012 பிப்ரவரி 27 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணையே ஐந்து ஹெக்டேருக்குக் குறைந்த சிறுகனிமக் குத்தகைகளையும் சுற்றுச்சூழல் அனுமதியின் கீழ்க் கொண்டுவந்தது.

இந்த ஐந்து ஹெக்டேர்க் கணக்கு சாதாரணமானதன்று. ஒரு குன்றைப் பல சிறு குத்தகைகளாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் அற்பமாகத் தோன்றும். குன்றில் வாழும் உயிரோ குத்தகை எல்லையை அறியாது. வெடியதிர்வும் கல்தூசியும் இரவு லாரிப் போக்குவரத்தும் ஒன்றுசேர்ந்தே அதனை அடைகின்றன. அடிவாரத்து நீரோட்டம் திசைமாறினால் ஏரியும், ஏரி வழியாகச் சதுப்புநிலமும் பாதிக்கப்படும். உச்ச நீதிமன்ற ஆணை வந்தபோது திரிசூலம், பம்மல் பகுதிகளில் கல்லெடுப்பு குன்றுகளின் வடிவத்தையே மாற்றிவிட்டிருந்தது.

நன்மங்கலம்: ஒரு தவறான வாசிப்பு

மேடவாக்கத்தை அடுத்த நன்மங்கலம் காப்புக்காடு ஏறத்தாழ 320 ஹெக்டேர் பரப்புடையது. அதன் நடுவே கைவிடப்பட்ட கருங்கற்சுரங்கம் ஒன்று நீர் நிறைந்து நிற்கிறது. அச்சுரங்கத்தின் செங்குத்துப் பாறை முகங்களில் கொம்பன் ஆந்தை வாழ்வது பறவை ஆர்வலர் நன்கறிந்த செய்தி. இப்பறவை கூடு கட்டுவதில்லை. பாறைத் திட்டிலும் வெறுந்தரையிலும் முட்டையிடும். மனிதர் வெட்டிய சுவர் அதற்கு இயற்கைப் பாறையின் பயனைத் தந்துவிட்டது. சுற்றியுள்ள புதர்க்காட்டில் தரையில் வளரும் அரிய ஆர்க்கிட் வகைகளும் உள்ளன.

இதனை எடுத்துக்காட்டி, சுரங்கம் காட்டுயிர்க்குப் புதிய வாழிடம் அமைத்துத் தந்தது என வாதிடுவது எளிது. அவ்வாதம் நிற்காது. ஆந்தை வந்து தங்கியது வேலை நடக்கும் சுரங்கத்தில் அன்று, ஓய்ந்த சுரங்கத்தில். அதன் இரையான எலிகளும் முயல்களும் சுரங்கத்தில் வளர்வன அல்ல. காப்புக்காடு என்ற சட்டப் பாதுகாப்பால் எஞ்சிய புதரில் வளர்வன. அப்பாதுகாப்பு இல்லாத இடத்தில் அதே ஆழமான குழி நீர்த்தேக்கமாகவோ குப்பைக் கிடங்காகவோ முடிகிறது. மாங்காட்டை அடுத்த சிக்கராயபுரம் கற்குழிகள் 2017ஆம் ஆண்டு வறட்சியில் சென்னைக்குக் குடிநீர் தந்தன; நகருக்கு அது பேருதவி. ஆயினும் குழிநீரின் பயனைக் காட்டுயிர் மீட்சிக்குச் சான்றாகக் கொள்ள இயலாது. மேலும், பாறை முகத்தை விரும்பும் ஓர் இனத்தின் பெருக்கம், பாறையோடு மண்ணும் புதரும் இழந்து மறைந்த இனங்களைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

எல்லைக்கோட்டின் வெளியே

2021 நவம்பரில் தமிழக அரசு சிறுகனிம விதிகளைத் திருத்தி, தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம், யானை வழித்தடம் ஆகியவற்றுடன் காப்புக்காடுகளைச் சுற்றியும் ஒரு கிலோமீட்டர் தொலைவுக்குக் கல்லெடுப்பைத் தடை செய்தது. 2022 டிசம்பரில் காப்புக்காடுகள் அத்தடையிலிருந்து நீக்கப்பட்டன. பெரும் விலங்குகள் உள்ள காடுகளுக்குக் காவல் நீடித்தது. நன்மங்கலம், வண்டலூர் போன்ற புறநகர்க் காப்புக்காடுகளின் விளிம்பு அக்காவலை இழந்தது. பல்லாவரத்தையும் பம்மலையும் உள்ளடக்கித் தாம்பரம் மாநகராட்சியானதும் அதே 2021இல்தான் என்பதை இங்கு நினைவுகூரலாம். ஜல்லிக்கான தேவை குறையப்போவதில்லை.

எழுதப்படாத முன்நிலையை ஓரளவேனும் மீட்டெடுக்கச் சான்றுகள் உள்ளன. இந்திய நில அளவைத் துறையின் பழைய வரைபடங்கள் குன்றுகளின் உயரக்கோடுகளைக் காட்டுகின்றன. 1882ஆம் ஆண்டுச் சென்னை வனச் சட்டத்தின் கீழ் வெளியான அறிவிக்கைகள் காப்புக்காடுகளின் எல்லையையும், விசாரணையின்போது கோரப்பட்ட மேய்ச்சல், விறகு உரிமைகளையும் சொல்லும். கனிமத் துறைக் குத்தகைப் பதிவேடுகள் எந்தப் புல எண்ணில் எப்போது வெட்டு தொடங்கியது என்பதைத் தரும். 1972 முதல் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் கிடைக்கின்றன. கல்லுடைக்கும் தொழிலில் தலைமுறையாக இருந்தோரின் வாய்மொழி, எந்த விலங்கு எந்தக் குன்றிலிருந்து எப்போது காணாமற்போனது என்பதை எந்தப் பதிவேட்டையும் விட நெருக்கமாகச் சொல்லக்கூடும். அத்தலைமுறை முதுமை எய்திவிட்டது. புதிய குத்தகை விண்ணப்பங்களோடு இணைக்கப்படும் மதிப்பீடு ஒரு பருவத்தின் கள ஆய்வோடு நின்றுவிடாமல், குறைந்தது இவ்வைந்து சான்றுகளையும் குன்று வாரியாக ஒருங்கே வைத்துப் பார்க்க வேண்டியுள்ளது.